சின்ன அண்ணி பிடுங்கிய செடி

என் சின்ன அண்ணிக்குக் கோபம் வரப்போகிறது என்றால் முதலில் சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டுவார். அதைக் கண்டதுமே பால் வண்டிக்காரர் கேன்களை அள்ளிப் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிடுவார். அண்ணிக்கு 'மிளகாய்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அதை அண்ணியின் காதுபடச் சொல்லும் தைரியம் மட்டும் அவருக்கு இன்றுவரை வரவில்லை.

நாங்கள் அண்ணன் தம்பி மூன்று பேர். அப்பா போன பிறகு மேய்ச்சல் நிலத்தை இரண்டாகப் பிரித்தோம். சரிவின் மேல்பாதி பெரிய அண்ணனுக்கு, கீழ்ப்பாதி சின்ன அண்ணனுக்கு. நடுவில் கம்பி வேலி. எனக்கும் மாட்டுக்கும் ஒத்துவராது என்பதால் டவுனில் டிராக்டர் பட்டறையில் வேலைக்குப் போய்விட்டேன். லீவு நாளில் போனால் ஒரு வேளை மேட்டு வீட்டில் சாப்பாடு, ஒரு வேளை பள்ளத்து வீட்டில். அதனால் வேலிக்கு இந்தப் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும், அந்தப் பக்கத்து நியாயமும் தெரியும். இரண்டையும் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவதுதான் என் வேலை.

சின்ன அண்ணி டவுனில் பேக்கரி வைத்திருந்த வீட்டுப் பெண். கல்யாணமாகி வந்த புதிதில், பால் கறக்கத் தப்பான பக்கம் உட்கார்ந்து உதை வாங்கினார். எழுந்து நின்று அந்த மாட்டைத் திட்டினார் பாருங்கள், கொட்டகையில் மற்ற மாடுகள்கூட அசை போடுவதை நிறுத்திவிட்டன. அழுதுகொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவார் என்று பெரிய அண்ணன் பந்தயமே கட்டினார். அண்ணி மறுநாள் அதே மாட்டிடம் போய் உட்கார்ந்தார். கொஞ்ச காலத்தில், கன்று வயிற்றில் சிக்கிக்கொண்டால் அக்கம்பக்கத்தில் முதலில் இவரைத்தான் கூப்பிட்டார்கள்.

மழை பொய்த்த ஒரு வருஷம் பெரிய அண்ணன் வெளியூரிலிருந்து லாரி லாரியாகக் காய்ந்த புல் இறக்கினார். மேட்டு வாசல் ஓரம் மலைபோல் அடுக்கி, மாடுகளுக்குப் போட்டார். பள்ளத்துப் பக்கமும் கொஞ்சம் கொடுத்தார், அதில் குறை சொல்ல முடியாது. அடுத்த மழை பெய்ததும் அந்த அடுக்கு இருந்த இடத்தில் யாரும் பார்த்திராத ஒரு செடி முளைத்தது. தரையோடு ஒட்டிப் படர்ந்த இலை, செவ்வந்தி இலை மாதிரி கிழிந்து கிழிந்து இருந்தது. பிறகு தண்டு எழும்பிப் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ பூத்தது.

"பார்க்க நல்லாத்தானே இருக்கு," என்றார் பெரிய அண்ணன்.

சின்ன அண்ணி ஒரு கொத்தைப் பிடுங்கி ஒரு மாட்டின் வாயருகே நீட்டினார். மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"மாடே வேணாங்குது. இத எதுக்கு நாம வளக்கணும், அத்தான்?" என்றார். கணவரின் அண்ணனை அவர் அத்தான் என்றுதான் கூப்பிடுவார்.

"நாமளா வளக்குறோம்? தானா வருது, தானா போகும்."

அண்ணி அந்தக் கொத்தைப் பையில் போட்டுக்கொண்டு கால்நடை ஆபீசுக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி பார்த்ததுமே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாராம். அது பார்த்தீனியம் என்றார். பூப்பதற்கு முன்னால், மண் ஈரமாக இருக்கும்போதே வேரோடு பிடுங்க வேண்டும், பூத்த பிறகு கையை வைத்தால் விதை எல்லாப் பக்கமும் கொட்டும், வெறும் கையால் தொடாதீர்கள், சிலருக்கு உடம்புக்கு ஆகாது என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். கடைசியாக ஒன்று சொன்னார். "பிடுங்குறது பாதி வேலைதாம்மா. தரை வெறுமையாக் கெடந்தா அது திரும்பத் திரும்ப வரும். புல் நெருக்கமா நின்னா அதுக்கு முளைக்க எடம் கெடைக்காது. மேயுற மாட்டக் கொறைங்க, பகுதி பகுதியா நெலத்துக்கு ஓய்வு குடுங்க."

மேட்டு வீட்டில் அண்ணி இதை அப்படியே சொன்னார். நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பெரிய அண்ணன் தட்டைப் பார்த்தபடியே சிரித்தார்.

"மாட்டக் கொறைக்கணுமா? எங்கிட்ட எத்தன மாடு இருக்குன்னு கேட்டுத்தான் பால் சங்கத்துல என்னத் தலைவரா உக்கார வெச்சிருக்காங்க. நீ மாவு பெசையுற வீட்லேர்ந்து வந்தவ. ஒனக்கு இதெல்லாம் புரியாது."

பெரிய அண்ணி அவருக்குப் பின்னால் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

சின்ன அண்ணி சட்டைக் கையைச் சுருட்டினார். நான் தட்டோடு எழுந்து வெளியே போய்விட்டேன். வாசலுக்கும் கேட்டது.

அடுத்த மழைக்கு மேட்டு வாசலில் இருந்த செடி மேட்டு நிலத்தின் நடுவுக்கு வந்தது. அதற்கடுத்த மழைக்கு வேலியோரம் வந்தது. சரிவு பள்ளத்துப் பக்கம்தானே, ஓடிவந்த தண்ணீர் விதையையும் சேர்த்தே கொண்டுவந்தது. பெரிய அண்ணன் மாடு வாங்குவதை நிறுத்தவில்லை. அத்தனை வாயும் புல்லை வேர்வரை மேய்ந்துவிட்டு, இந்தச் செடியை மட்டும் தொடாமல் விட்டுவைத்தன. புல் போன இடத்திலெல்லாம் அது ஏறி உட்கார்ந்துகொண்டது. தூரத்திலிருந்து பார்க்க மேடு முழுக்கப் பச்சை. கிட்டப் போனால் மாடு வாய் வைக்க ஒரு பிடி புல் கிடையாது.

அண்ணி பால் கறக்கும் கையுறையை மாட்டிக்கொண்டு, மழை விட்டதும் நிலத்தில் இறங்கிவிடுவார். சின்ன அண்ணனும் கூடவே இறங்குவார். என் சின்ன அண்ணன் தங்கமான மனுஷன். உழைப்பார், ஆனால் வாயைத் திறக்க மாட்டார். "அண்ணன்கிட்ட நான் பேசுறேன், நீ விடு" என்று ஒவ்வொரு மழைக்கும் சொல்வார்.

ஒருநாள் அண்ணி கேட்டேவிட்டார். "பேசுறேன் பேசுறேன்னீங்களே, பேசினீங்களா?"

"பேசினேனே."

"என்ன பேசினீங்க?"

அண்ணன் கம்பி வேலியைப் பார்த்தார். "மழையப் பத்தி."

அன்றைக்கு அண்ணனுக்குக் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது. அடுத்த முறை அவர் உண்மையிலேயே பேசப் போனார். பெரிய அண்ணன் புதிதாக வாங்கிய காளையைக் காட்டினாராம். இவரும் அதைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

இதற்கு நடுவில் பெரிய அண்ணன் ஒரு காரியம் செய்தார். செடி பூத்துக் குலுங்கும்போது, 'அவ தொல்லை தாங்கல, வெட்டித் தள்ளிடுறேன்' என்று டிராக்டரில் புல்வெட்டும் எந்திரத்தை மாட்டி ஓட்டவிட்டார். சத்தம் கேட்டு அண்ணி ஓடினார். டிராக்டருக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றார்.

"நிறுத்து! பூத்ததுக்கு அப்புறம் வெட்டினா வெதை மொத்தமும் செதறும். நிறுத்துங்கறேன்!"

ஓட்டுகிறவர் கூலிக்கு வந்தவர், பாவம். பெரிய அண்ணனைப் பார்த்தார். பெரிய அண்ணன் வண்டியைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கையைக் காட்டினார். டிராக்டர் அண்ணியைச் சுற்றிக்கொண்டு போனது. வெட்டுப்பட்ட பூவும் தூளும் வேலியைத் தாண்டிப் பறந்து சின்ன அண்ணன் புல்மேல் கொட்டின. அண்ணி அங்கேயே நின்றார். தலையெல்லாம் வெள்ளைத் தூள்.

அன்று ராத்திரியே அவருக்குக் கை அரிக்க ஆரம்பித்தது. பிறகு கழுத்து, பிறகு கண்ணிமை. தோல் தடித்து, வெடித்து, நீர் கோத்தது. டாக்டர் களிம்பு கொடுத்தார், அந்தச் செடியின் பக்கமே போகாதீர்கள் என்றார். "நான் போகல டாக்டர், அதுதான் என் பக்கம் வருது," என்றார் அண்ணி. அன்றிலிருந்து வெயிலோ மழையோ சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கி பட்டன் போட்டுக்கொண்டார். பால் வண்டிக்காரர் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, மிளகாய்க்குக் காரம் குறைந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னார்.

குறையவில்லை. அதிகாரி சொன்னதில் பிடுங்குவது என்ற பாதி வேலையைப் பார்த்தாகிவிட்டது, மீதிப் பாதியையும் செய்து பார்ப்பது என்று அண்ணி முடிவெடுத்திருந்தார். தன் மாடுகளில் சிலவற்றை விற்றார். முதல்நாள் தன்னை உதைத்த மாட்டின் கன்றும் அதில் ஒன்று. விற்றுவிட்டு வந்து யாரோடும் பேசாமல் கொட்டகையைக் கழுவினார். வேலியை ஒட்டிய பகுதியைத் தனியாகக் கம்பி போட்டு அடைத்து, முளைத்த செடியை எல்லாம் ஆள் வைத்துப் பிடுங்கி, புல் விதை தூவினார். உள்ளே ஒரு கன்றைக்கூட விடவில்லை. மற்ற மாடுகளுக்கு ஓடைக்கரையிலிருந்து புல் அறுத்துச் சுமந்து வந்து போட்டார்கள், புருஷனும் பெண்டாட்டியுமாக. ஒரு பருவம் முழுக்க அப்படி. புல் முழங்கால் உயரத்துக்கு வந்தது. நான் போயிருந்தபோது என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார்.

"குனிஞ்சு பாரு தம்பி. தரை தெரியுதா? தெரியாது. அந்தச் சனியனுக்கு இனி முளைக்க எடம் ஏது?"

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. கண்ணிமை வீங்கித்தான் இருந்தது.

அதற்கு மறுவாரம் காலையில் பால் கறந்துவிட்டு வெளியே வந்தவருக்கு, அடைத்து வைத்த பகுதியிலிருந்து மணிச்சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தார். மேட்டு மாடுகள் மொத்தமும் உள்ளே நின்றன. கம்பி அறுந்து விழவில்லை. ஆணியைக் கழற்றி, கம்பியை ஒழுங்காகச் சுருட்டி, தூணில் மாட்டி வைத்திருந்தார்கள். விடியலிலிருந்தே மேய்ந்திருக்க வேண்டும். பாதிப் புல் போயிருந்தது, மீதி மிதிபட்டுச் சேறாகியிருந்தது. மாடுகளின் குளம்பிலும் வாலிலும் மேட்டுச் சேறு, அதோடு ஒட்டிய பார்த்தீனியப் பூ.

மேட்டு வீட்டுக் கூலியாள் ஒருவர் வேலியோரம் நின்றார். "ஐயாதான் தொறந்துவிடச் சொன்னாரும்மா. மேல ஒண்ணும் இல்ல, தம்பி நெலந்தானேன்னாரு."

"ஐயா எங்க?"

"சங்கத்துல மீட்டிங்காம்."

அண்ணி கொட்டகைக்குப் போய் நீளமான கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். மேட்டு மாடுகள் அத்தனையையும் வளைத்து ரோட்டுக்கு ஓட்டினார். சின்ன அண்ணன் பின்னாலேயே ஓடிவந்து, "வேணாம், வேணாம்" என்றார். "ஒண்ணு, கூட வந்து ஓட்டுங்க, இல்லன்னா வழிய விடுங்க," என்றார் அண்ணி. அண்ணன் ஒரு கணம் நின்றுவிட்டு, ஓரமாகப் பிரிந்துபோன ஒரு கிடாரியைத் திருப்பி மந்தையோடு சேர்த்துவிட்டார். அவ்வளவுதான் அவர் பேசியது.

பால் சங்கம் டவுன் கடைத்தெரு முனையில் இருந்தது. வெளியே சிமெண்டு முற்றம், உள்ளே நீள மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள். மீட்டிங்குக்கு டீ கொண்டுபோன நான்தான் வாசலில் நின்றிருந்தேன். பட்டறை பக்கத்துத் தெருவில்தான் என்பதால் இப்படி எடுபிடி வேலையெல்லாம் என் தலையில் விழும். முதலில் சத்தம் கேட்டது. பிறகு மாடுகள் வந்தன. வந்துகொண்டே இருந்தன. முற்றம் நிறைந்து, படியேறி, ஒன்று வாசலில் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே தலையை நீட்டிக் கத்தியது. மேசைக்குப் பின்னால் பெரிய அண்ணன் எழுந்து நின்றார்.

மாடுகளுக்கு நடுவிலிருந்து அண்ணி உள்ளே வந்தார். கையில் வேரோடு ஒரு கொத்து. அதை மேசைமேல், பெரிய அண்ணனுக்கு முன்னால் போட்டார்.

"உங்க மாட்ட ஓட்டிக்கிட்டு வந்திருக்கேன், அத்தான். எண்ணிப் பாத்து வாங்கிக்குங்க. அதுங்க தின்னதக் கக்க வெக்க எனக்குத் தெரியல, தெரிஞ்சா அதையும் கொண்டுவந்திருப்பேன்."

"வீட்டு விஷயத்த வீட்ல பேசு," என்றார் பெரிய அண்ணன். குரல் இறங்கித்தான் இருந்தது.

"இத்தன வருஷமா வீட்லதான பேசினேன். உங்க தட்டுக்கு முன்னாடி நின்னு பேசினேன். உங்க டிராக்டருக்கு முன்னாடி நின்னு பேசினேன். உங்க தம்பி பேசுவாருன்னு பாத்தேன், அவரு மழையப் பத்தியும் காளையப் பத்தியும் பேசிட்டு வந்தாரு. இனி நான் எங்க போய்ப் பேசணும்?"

"ஒரு வேளை மேஞ்சதுக்கா இவ்வளவு?"

"ஒரு வேளையா?" அண்ணி இரண்டு பட்டன்களையும் பிய்த்துக்கொண்டு சட்டைக் கையை மேலே ஏற்றினார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் கறுத்து, தடித்து, பாளம் பாளமாக வெடித்திருந்தது. "இந்தக் கையால ஒரு பருவம் பாடுபட்டு வளத்த புல்லு. கம்பிய அறுத்துக்கிட்டு மாடு வந்திருந்தா மாட்ட அடிச்சிருப்பேன். ஆணியக் கழட்டி, சுருட்டி, மாட்டி வெச்சிருக்கீங்க. மாட்டுக்கு அவ்வளவு பொறுப்பு கெடையாது, அத்தான்."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். பெரிய அண்ணன் முகம் சிவந்துபோனது. அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் ஓடைக்கு அந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் எழுந்து, மேசையில் கிடந்த கொத்தை எட்டிப் பார்த்தார். "இது எங்க நெலத்துலயும் வந்திருக்கே. ஓடைத் தண்ணிலதான் வந்திருக்குமோ?" இன்னொருவர் தன் பக்கமும் இருப்பதாகச் சொன்னார். பால் வண்டிக்காரர் வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். "கசக்குதுன்னு டெய்ரில திருப்பி அனுப்புற கேனெல்லாம் மேட்டுக் கேனுங்க. தலைவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு கொட்டிட்டுப் போயிருவேன். வேற ஒண்ணும் கெடைக்காதப்ப மாடு இதத்தான் திங்குதோ என்னவோ."

அதற்கப்புறம் மீட்டிங் எங்கே நடந்தது? ஆளாளுக்குப் பேசினார்கள். பெரிய அண்ணன் யாரையும் பார்க்காமல் வெளியே போய்த் தன் மாடுகளைத் தானே ஓட்டிக்கொண்டு போனார். அவரை அப்படித் தனியாகக் கம்பும் கையுமாக நான் சின்ன வயதிலிருந்தே பார்த்ததில்லை. எனக்கு அவர்மேல் பாவமாகவும் இருந்தது, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது.

மறுநாள் காலை பெரிய அண்ணி வேலி தாண்டிப் பள்ளத்து வீட்டுக்கு வந்தார். வந்ததும் உட்காரவில்லை.

"என் புருஷன ஊர் முன்னாடி தலகுனிய வெச்சிட்ட. ராத்திரி அவரு சாப்பிடல. இத நான் சாகுறவரைக்கும் மறக்க மாட்டேன்," என்றார்.

"மறக்க வேணாங்க்கா. நான் செஞ்சதுதான்," என்றார் சின்ன அண்ணி.

பெரிய அண்ணி தன் கழுத்துத் துணியை விலக்கினார். காதுக்குக் கீழே அதே தடிப்பு, அதே வெடிப்பு. "எனக்கும்தான் இருக்கு. யார்கிட்ட சொன்னேன்? நீ கத்துற, ஒன் கை ஊருக்கே தெரியுது. நான் கத்தினதில்ல. எனக்கு மட்டும் கோவம் வராதுன்னு நெனச்சியா? அந்த ஆளு மாடு வாங்கிக்கிட்டே இருந்தாரு, நான் அதுங்களக் கழுவிக்கிட்டே இருந்தேன்." மூச்சு வாங்கியது அவருக்கு. "கையுறை இன்னொரு ஜோடி இருக்கா?"

இரண்டு பேரும் சேர்ந்து மேட்டில் இறங்கினார்கள். சேர்ந்து என்றால் சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பிடுங்கிக்கொண்டே சண்டை போட்டார்கள். கல்யாணத்தன்று யார் யாரைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தார்கள். பெரிய அண்ணிக்கு இவ்வளவு பேச்சு இருக்கிறது என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. பெரிய அண்ணன் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதம் கழித்து மந்தையில் பாதியை விற்றார். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. சின்ன அண்ணியிடம் அன்றிலிருந்து அவர் பேசுவதில்லை, இன்றுவரை.

பிடுங்கியும் அது ஒழியவில்லை. மண்ணுக்குள் விதை கிடக்கிறது, மழைக்கு மழை எழும்புகிறது. ஆனால் புல் நெருக்கிய இடங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். மேட்டையும் இப்போது பகுதி பகுதியாக அடைத்து மேய்க்கிறார்கள். சின்ன அண்ணிக்குத்தான் உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஒருமுறை முகம் வீங்கி, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாகிவிட்டது. இனி தொட்டால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். தான் வளர்த்த நிலத்தில், பூக்கும் காலத்தில், அவர் கால் வைக்க முடியாது. மாட்டுக்கொட்டகை வாசலில் உட்கார்ந்து, பிடுங்குகிறவர்களைத் தூரத்திலிருந்தே விரட்டி வேலை வாங்குகிறார்.

போன வருஷம் சங்கத்தில் ஒரு தீர்மானம் போட்டார்கள். வெளியூர்ப் புல்லை யார் இறக்கினாலும் சிமெண்டுத் தரையில் மட்டுமே போட வேண்டும். புதிதாக வாங்கும் மாட்டை, வயிற்றில் விதை இருந்தால் சாணத்தோடு போகட்டும் என்று, சில நாள் தனியாகக் கட்டி வைத்துவிட்டுத்தான் மேய்ச்சலுக்கு விட வேண்டும். முதல் மழைக்கு எல்லோரும் அவரவர் நிலத்தில் பிடுங்கியாக வேண்டும். இதைக் கொண்டுவந்தவர் பெரிய அண்ணன். பூப்பதற்கு முன், ஈரம் இருக்கும்போது, வேரோடு என்று ஒரு வார்த்தை பிசகாமல் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணி கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டாமல் இருந்தார்.

வரும் வழியில் நான் சமாதானம் சொன்னேன். "யாரு சொன்னா என்ன அண்ணி? காரியம் நடந்தாச் சரிதானே."

"ஒனக்கு என்னடா, நீ ரெண்டு வீட்லயும் சாப்பிடுறவன்," என்றார். "என் வாயிலேர்ந்து வந்தப்ப அது பொம்பளப் புலம்பல். அவரு வாயிலேர்ந்து வந்தா தீர்மானம். நடுவுல போன என் தோலு யார் கணக்கு?"



போன வாரம் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனேன். பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. ஜன்னலோரம் இருந்த அண்ணி திடீரென்று எழுந்து, கூட்டத்தை இடித்துக்கொண்டு இறங்கினார். என்னவோ ஏதோ என்று நானும் இறங்கினேன். நிறுத்தத்தின் கல்பலகைக்குப் பின்னால் ஒற்றைச் செடி, உச்சியில் மொட்டு. மருந்துச்சீட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் பையை உதறி, சீட்டை என் கையில் திணித்துவிட்டு, பையைக் கையில் மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"அண்ணி, டாக்டர் தொடக் கூடாதுன்னு..."

"அப்ப நீ பிடுங்கு. நிக்கிறியே மரம் மாதிரி!"

நான் பையை வாங்கி மாட்டிக்கொண்டு செடியைப் பிடித்து இழுத்தேன். டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். "ஏம்மா, களை பிடுங்கவா பஸ்ஸு? ஏறுறீங்களா இல்லையா?"

அண்ணி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு டிரைவர் ஜன்னலை நோக்கி நடந்தார்.